கடைசி சைஸ்

இருபத்திரண்டு வருடம் நான் அளவு சொல்லிச் சம்பளம் வாங்கியவள். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில், லாரி இன்ஜின்களுக்குப் போகும் பாகங்களை அளந்து பார்க்கும் அறை என் பொறுப்பில் இருந்தது. இரும்பு சூட்டில் விரியும் என்பதால் அந்த அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்கும். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். நான் 'ஆகாது' என்று ஒதுக்கிய பாகத்தை, மேனேஜர் வந்து கெஞ்சினாலும் 'ஆகும்' என்று மாற்ற மாட்டேன். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மைக்ரான் பிசாசு என்பார்கள். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். வீட்டுக்காரர் மட்டும், "ஃபேக்டரியில மைக்ரான் கணக்கு பேசறவ, ரசத்துல உப்பு மட்டும் கை போன போக்குல போடறா" என்பார்.

அந்தப் பிரிவை வேறு ஊருக்கு மாற்றியபோது நான் கூடவே போகவில்லை. பாகலூர் சாலையில் கிராங்க் ஷாஃப்ட், அதாவது இன்ஜினின் சுழல் தண்டு, கடைந்து கொடுக்கும் கிரைண்டிங் பட்டறை வைத்திருந்த பாயோடு கூட்டுச் சேர்ந்தேன். மெஷினும் வாடிக்கையாளர்களும் அவருடையவை. அளவுக் கருவிகள் என்னுடையவை. பட்டறையின் ஒரு மூலையில் எட்டுக்கு எட்டில் கண்ணாடி அறை ஒன்று கட்டி, சின்ன ஏசி வைத்துக்கொண்டேன். எலி வளையானாலும் தனி வளை. பாய் என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் காதால் கேட்டும் கட்டைவிரல் நகத்தால் தடவியும் வேலை செய்கிறவர். நான் எழுதிக் கொடுக்கும் எண்ணை மெஷின் தலையில் ஒட்டிவைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மயிரிழை கூடக் குறையாமல் கடைந்து முடிப்பார்.

எங்களிடம் வருவது பெரும்பாலும் டிராக்டரும் டெம்போவும்தான். கால்நடை மருத்துவரான ஒரு பெண்மணியின் வண்டி மட்டும் வேறு ரகம். டாக்டருக்கு உத்தனப்பள்ளிப் பக்கம் வீடு. வாரம் முழுக்க ஜீப்பில் அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்கு மாடு பார்க்கப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ராயக்கோட்டை சாலையில், கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுவார். சீமையில் செய்தது, அறுபது வயதுக்கு மேல். கிரானைட் யார்டு ஒன்றின் ஷெட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் அதைக் கண்டெடுத்து, பாகம் பாகமாகத் தானே தேடிச் சேர்த்து ஓட வைத்தவர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

புரட்டாசியில் ஒரு நாள் அந்த வண்டியைப் பட்டறைக்கே ஓட்டிக்கொண்டு வந்தார்.

"கொஞ்ச நாளா சூடாச்சுன்னா அடியில யாரோ கதவத் தட்டற மாதிரி சத்தம் வருதுக்கா. ஆயில் பிரஷர் முள்ளும் கீழ விழுந்துருது."

பாய் இன்ஜினை அணைக்க விடவில்லை. பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் வயரையும் ஒரு கணம் உருவி மாட்டினார். டாக்டர் சும்மா நிற்கவில்லை. ஜீப்பில் எப்போதும் வைத்திருக்கும் நீளக் குழாய் ஸ்டெதஸ்கோப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அதை இன்ஜினின் அடிவயிற்றில் வைத்துக் கேட்டார். மூன்றாவது வயரை உருவியபோது, "இப்ப அடங்கிருச்சு பாய்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மாட்டுக்கு நாலு வயிறு, இதுக்கு நாலு சிலிண்டர். எனக்கு இது புதுசு இல்ல" என்றார்.

சிலிண்டரில் வெடிப்பதை நிறுத்தியதும் தட்டல் அடங்கினால், அந்த பிஸ்டனைத் தாங்கும் கிராங்க்கில் கோளாறு என்று அர்த்தம். எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்துப் பார்த்தோம். ஜிகினாத் தூள் கலந்தது போல மினுமினுத்தது. இரண்டு நாளில் இன்ஜினை இறக்கிப் பிரித்துவிட்டார்கள். கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிற இடங்களில் பிறை வடிவத் தகடுகளாக பேரிங்குகள் இருக்கும். அவற்றின் சாம்பல் நிறத் தோல் தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது.

டாக்டருக்காக அப்போது சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பேரிங் தேய்ந்தால் புதிது வாங்கலாம். கிராங்க் தேய்ந்தால் அதைக் கடைந்து வட்டமாக்கி, மெலிந்த அளவுக்கு ஈடாகத் தடிமனான பேரிங் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர், அதாவது இருநூற்றைம்பது மைக்ரான், மெலியும். இப்படி நான்கு சைஸ்தான் உண்டு. அதற்குப் பிறகு பேரிங்கும் கிடையாது, கிராங்க்கும் தாங்காது. இந்த வண்டியின் கிராங்க்கை முன்பே யார் யாரோ மூன்று தடவை கடைந்திருந்தார்கள். அந்த ரகக் கிராங்க்கை இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது.

"அப்ப இன்னும் ஒரே தடவதானா?" என்றார் டாக்டர்.

"ஒரே தடவை."

"அத விட்டு வெக்க முடியுமான்னு பாருங்கக்கா. நான் ரிட்டயர் ஆக இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்குது. அதுக்கப்புறம் இதுல உக்காந்து ஊர் ஊரா போகணும்னு ஒரு ஆச. கடைசி சைஸ அதுக்குன்னு வெச்சிருக்கறேன்."

பாய் கிராங்க்கைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு ஜர்னலின் மேலும், அதாவது பேரிங் உட்காரும் இடத்தின் மேலும், கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டுதான் இதைச் செய்வார்.

"நகத்துல ஒண்ணும் மாட்டலக்கா. பேரிங்தான் போயிருக்குது, கிராங்க்கு நல்லாத்தான் இருக்குது. பாலிஷ் போட்டு இதே சைஸ்ல புது பேரிங் போட்டா ஓடும்."

அளந்து சொல்கிறேன் என்றேன். ஆயுத பூஜை முடிந்து வருகிறேன் என்று டாக்டர் போனார்.

அந்த ஆயுத பூஜை எனக்கு முக்கியமானது. தொழிற்சாலையில் சந்தனம் என் அறைக் கதவோடு நின்றுவிடும், உள்ளே தூசி தும்பு எதுவும் வரக்கூடாது. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் மாலையும் பொட்டும் இருக்கும். சோறு போடும் என் கருவிகளுக்கு மட்டும் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொட்டு வைத்ததில்லை. கண்ணாடி அறை கட்டிய பிறகு வந்த முதல் பூஜை இது. பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வழக்கம்போல் பாய்தான் வாங்கி வந்தார். நான் வீட்டிலிருந்து சந்தனக் கட்டையும் கல்லும் கொண்டுபோய், அங்கேயே உட்கார்ந்து இழைத்தேன். மைக்ரோமீட்டர், டயல் கேஜ், அவற்றின் மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டு வைத்தேன். அளக்கிற முகத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டேன். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விஜயதசமிக்கு மறுநாள் டாக்டர் வந்தார், அவர் முன்னாலேயே அளந்தேன். மைக்ரோமீட்டரோடு ஒரு சின்ன எஃகுக் கம்பி வரும். அதன் நீளம் அதிலேயே பொறித்திருக்கும். முதலில் அந்தக் கம்பியை அளந்து, பொறித்த எண்ணே வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வேறு எதையும் அளக்க வேண்டும். அன்று இரண்டு கோடு, அதாவது இருபது மைக்ரான் போல, கூடுதலாகக் காட்டியது. மைக்ரோமீட்டர் லேசாக நகர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று, அதற்கான சாவியைப் போட்டுத் திருகிக் கம்பியின் எண்ணுக்குக் கொண்டுவந்தேன். பிறகு கிராங்க்கை அளந்தேன். மூன்றாவது ஜர்னல் முப்பத்திரண்டு மைக்ரான் தேய்ந்திருந்தது. இருபத்தைந்துக்கு மேல் போனால் கடைந்தாக வேண்டும். மற்ற ஜர்னல்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேய்ந்திருந்தன. அப்படி எல்லாம் சமமாகத் தேய்வது அபூர்வம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாய் மறுபடி ஒரு முறை நகத்தை ஓட்டிப் பார்த்தார். "எனக்கு அப்படித் தோணலக்கா" என்றார்.

"நகம் மைக்ரான் சொல்லாது, பாய்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிச்சயமா கடையணுமாக்கா?"

"நிச்சயம்" என்றேன்.

பாய் அதற்கு மேல் பேசவில்லை. கடைசி சைஸ் பேரிங்குக்காக அட்டிபெலேயில் இருக்கும் வியாபாரியிடம் கன்னடத்தில் அரை மணி நேரம் போனில் மன்றாடினார். இரண்டு வாரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு செட் வந்தது. ஒரே செட். கிராங்க்கை மெஷினில் ஏற்றினோம். அவர் சாணைக்கல்லை லேசாகத் தொடவிட்டு ஒரு டச் எடுப்பார், கல்லை விலக்குவார், நான் அளப்பேன், எண் சொல்வேன், மறுபடி ஒரு டச். கடைசி எண்ணைச் சொன்னபோது, இவ்வளவு துல்லியமான வேலை எங்கள் பட்டறையிலேயே இதுதான் முதல் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கிராங்க்கை இன்ஜினில் உட்கார வைத்து மேல் மூடிகளை முறுக்கியதும் அது சுற்றவில்லை. எண்ணெய் நிற்க இருபத்தைந்து மைக்ரான் இடைவெளி விட்டுத்தான் கடைந்திருந்தோம். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாலும் முனகிக்கொண்டு கால் வட்டம் வந்து நின்றது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மூடிய மாத்திப் போட்டிருப்பீங்க" என்றேன்.

"நம்பர் பாத்துதான்க்கா போட்டேன். முப்பது வருஷமா போடறேன்."

"முப்பது வருஷமா அதே கண்ணாடியத்தான போட்டிருக்கீங்க."

பட்டறையில் எல்லோர் காதிலும் விழுந்தது. பாய் கழற்றி மாட்டினார். மூன்று தடவை கழற்றி மாட்டினார். மூன்று தடவையும் கிராங்க் அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவரைக் காணவில்லை. கிராங்க்கையும் காணவில்லை. மதியம் ஆட்டோவில் கோணிச் சுற்றிய கிராங்க்கோடு வந்து இறங்கினார். அளவு பார்த்துச் சான்று கொடுக்கும் ஒரு சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு தாளை என் மேசையில் வைத்தார். ஒவ்வொரு ஜர்னலும் நான் சொன்னதைவிட இருபத்தொரு மைக்ரான் பெரிதாக இருப்பதாக அதில் எழுதியிருந்தது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்துக் கிண்டல் செய்திருக்கிறேன். "அவங்க ரூம்ல ஏசி ஓடுச்சா?" என்று கேட்டேன். பாய் டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர்கள் அளவுதான் தப்பு என்று நிரூபிக்க, என் மைக்ரோமீட்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே ஸ்கூட்டரில் அந்தச் சோதனைக்கூடத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையானவர். மைக்ரோமீட்டரைத் தொடவே இல்லை. முதலில் கம்பியை எடுத்துத் தன் மெஷினில் வைத்தார்.

"மேடம், இது இருபத்தொண்ணு கூட இருக்குது."

எஃகுக் கம்பி தேயலாம், வளராது. வாங்கி லென்ஸுக்கு அடியில் பிடித்தேன். இரண்டு முனையிலும் மெல்லிய மஞ்சள் படலம் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனமா மேடம்?"

ஆமாம் என்றேன். பொட்டு வைத்தது கம்பியின் நடுவில்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டது சந்தனம் இழைத்த அதே விரல்களால், இரண்டு முனையிலும். அளக்கும் முன் கம்பியைத் துடைக்க வேண்டும் என்று பயிற்சிக்கு வந்த எத்தனை பேரை நான் அதட்டியிருக்கிறேன். அன்று நான் துடைக்கவில்லை. மறந்து அல்ல. என் கருவியில் நானே வைத்த பொட்டை இரண்டே நாளில் துடைக்க மனம் வரவில்லை.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் கம்பி சரியான அளவுக்கு வந்தது. கிராங்க் சுற்றாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது, இருபத்தொன்றை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட்டருகே நின்றபோதுதான் மீதிக் கணக்கு தலையில் ஏறியது. இதே கம்பியை வைத்துத்தான் முதல் நாளும் அளந்தேன். முப்பத்திரண்டில் இருபத்தொன்று போனால் பதினொன்று. மூன்றாவது ஜர்னல் தேய்ந்தது வெறும் பதினொரு மைக்ரான். அதைக் கடைந்திருக்கவே தேவையில்லை. பாலிஷ் போட்டு, பழைய சைஸிலேயே புது பேரிங் போட்டால் போதும் என்று நகத்தை வைத்துப் பாய் சொன்னது அப்படியே சரி. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் வண்டியை நகர்த்தினேன்.

பட்டறைக்குப் போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முன்பே கணக்குப் போட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னொரு டச் எடுத்தா சரியாயிரும்க்கா. வண்டி ஜோரா ஓடும். டாக்டரம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். கடையணும்னு அளவு வந்துச்சு, கடஞ்சோம். அவ்ளோதான்."

எனக்காகத்தான் சொன்னார். இரண்டு நாள் நானும் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓடும், ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் பத்து வருடம் தாண்டியும் ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஒரு நாள் அது மறுபடி தேயும். அப்போது கடைவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது, டாக்டர் அதைத் தன் தலைவிதி என்று நினைத்துக்கொள்வார். ஆகாததை ஆகும் என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை என்று பீற்றிக்கொண்டவள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். ரசத்தில் உப்பே இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னபோது அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் உத்தனப்பள்ளிக்குப் போனேன். டாக்டர் அப்போதுதான் ஒரு கன்றுக்கு ஊசி போட்டுவிட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன். சந்தனம், கம்பி, இருபத்தொன்று, பதினொன்று. உங்கள் கடைசி சைஸை நான் வீணாக்கிவிட்டேன் என்றேன்.

அவர் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"ரிட்டயர்மெண்டுக்குன்னு வெச்சிருந்தது" என்றார். பிறகு, "ஓடற வரைக்கும் ஓடட்டும். நீங்க வந்து சொன்னதே பெருசு" என்றார்.

நான் கிளம்பத் திரும்பினேன்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த மைக்ரானெல்லாம் எனக்கு என்ன புரியும்? அன்னைக்குப் பாய் ரெண்டாவது தடவ நகத்த வெச்சுக் காட்டுனப்ப நீங்க சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பப் பாத்துத்தான் நான் உங்கள நம்புனேன். பாயும் அதப் பாத்துத்தான் வாய மூடிக்கிட்டாரு."

எனக்கு நினைவில்லை. அன்று அளந்த அத்தனை எண்ணையும் இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். மேலே அந்த நாளைப் பற்றி எழுதியதும் என் நினைவில் இருந்தபடிதான், அதில் சிரிப்பு இல்லை. ஆனால் டாக்டர் பொய் சொல்கிறவர் அல்ல. வழி நெடுக அது எப்படிப்பட்ட சிரிப்பாக இருந்திருக்கும் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். யோசிக்க யோசிக்க அவமானமாக இருந்தது.

பட்டறையில் பாய் கடைசி டச் எடுக்கக் கிராங்க்கை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாய், அன்னைக்கு நீங்க நகத்த வெச்சுப் பாத்துச் சொன்னப்ப நான் சிரிச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் குனிந்தபடியே சாவியை முறுக்கிக்கொண்டிருந்தார். குத்திக் காட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"என்னைக்குக்கா?"